வாசகர் கேள்வி – பதில்: கல்லூரியில் கைபேசி

கேள்வி: அரசு கலைக் கல்லூரி ஒன்றில் இயற்பியல் கற்பிக்கிறேன். மாணவர்கள் தங்கள் சொந்தக் கைபேசியை ஆய்வகத்தில் பயன்படுத்த அனுமதிக்கலாமா என்று எங்கள் துறையில் விவாதம் நடக்கிறது. கைபேசி இல்லாத மாணவர்கள் ஒதுக்கப்படுவார்களோ, மற்றவர்களின் கவனம் சிதறுமோ என்று தயங்குகிறேன்.
– உதவிப் பேராசிரியர், திருவண்ணாமலை

பதில்: தங்கள் இரண்டு கவலைகளும் நியாயமானவை. கைபேசியை எந்த வேலைக்காக எடுக்கச் சொல்கிறோம் என்பதை ஆசிரியர் முன்கூட்டியே தீர்மானித்துவிட்டால், இரண்டையும் பெருமளவு தவிர்க்கலாம்.

ஜெர்மனியின் ஆகன் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் உருவாக்கிய ‘ஃபைஃபாக்ஸ்’ என்ற இலவசச் செயலி, கைபேசியில் உள்ள உணரிகளையும் ஒலிவாங்கியையும் அளவுக் கருவிகளாக மாற்றுகிறது. அதில் உள்ள ஒலி நிறுத்தக் கடிகாரம் முதல் சத்தத்தில் ஓடத் தொடங்கி, அடுத்த சத்தத்தில் நிற்கும். இரண்டு கைபேசிகளை 5 மீட்டர் இடைவெளியில் வைத்து, முதல் கைபேசியின் அருகே ஒருவர் கை தட்டினால் இரண்டு கடிகாரங்களும் ஓடத் தொடங்கும். ஆனால் தொலைவில் உள்ளது, ஒலி அங்கே போய்ச் சேரும் நேரம் அளவுக்குத் தாமதமாகத் தொடங்கும். பிறகு இரண்டாவது கைபேசியின் அருகே மற்றொருவர் தட்டும்போது, அது உடனே நிற்க, முதலாவது அதே அளவு தாமதித்து நிற்கும். இரண்டு கடிகாரங்களும் காட்டும் நேரங்களின் வேறுபாடு, ஒலி 10 மீட்டரைக் கடக்க எடுத்துக்கொண்ட நேரமாகும். அது சுமார் 0.029 விநாடியாக வந்தால், ஒலியின் வேகம் விநாடிக்கு ஏறத்தாழ 345 மீட்டர் என்று மாணவர்களே கணக்கிட்டுவிடுவார்கள். மின்விசிறிகளை நிறுத்திவிட்டுச் செய்யச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் அந்த இரைச்சலிலேயே கடிகாரம் ஓடத் தொடங்கிவிடும்.

நான்கு பேர் கொண்ட குழுவுக்கு இரண்டு கைபேசிகள் இருந்தால் இந்தச் சோதனைக்குப் போதும். குழுக்களைத் தாங்களே பிரித்துவிடுங்கள், “யாரிடம் கைபேசி இல்லை?” என்று வகுப்பு நடுவே கேட்டுக் கையைத் தூக்கச் சொல்லும் வழக்கம் வேண்டவே வேண்டாம். கைபேசி இல்லாத மாணவரே எப்போதும் குறிப்பேடு எழுதுபவராக ஆகிவிடாதபடி பொறுப்புகளையும் சுழற்சி முறையில் மாற்றுங்கள். குறைந்த விலைக் கைபேசிகள் பலவற்றில், சுழற்சியை அளக்கும் சுழல் உணரி (கைரோஸ்கோப்) இருப்பதில்லை என்பதால், ஒலிவாங்கி மட்டுமே தேவைப்படும் சோதனையிலிருந்து தொடங்குவதே முறை.

கவனச் சிதறலைப் பொறுத்தவரை, செயலியை முன்கூட்டியே பதிவிறக்கிக்கொண்டால் அளவீட்டுக்கு இணையம் தேவையில்லை. சோதனை முடியும்வரை எல்லாக் கைபேசிகளும் ஃபிளைட் மோடில் இருக்கட்டும்.

கேள்வி: கணினி அறிவியல் படிக்கும் என் மகள், என்பிடெல் பாடம் பார்ப்பதாகச் சொல்லி இரவு வெகுநேரம் கைபேசியோடு இருக்கிறாள். நம்பலாமா?
– ஒரு தாய், திண்டுக்கல்

பதில்: நம்புங்கள், கூடவே அவர் படிப்பதில் அக்கறையும் காட்டுங்கள். ஐஐடிகளும் பெங்களூரு இந்திய அறிவியல் கழகமும் இணைந்து 2003-இல் தொடங்கிய இணையவழிப் பாடத் திட்டமான என்பிடெல், பொழுதுபோக்குக் காணொளிகளின் தொகுப்பு அன்று. 2017-இல் தொடங்கப்பட்ட, மத்திய அரசின் இணையவழிக் கல்வித் தளமான ஸ்வயம் வழியாக அதன் பாடங்களைப் படித்துத் தேர்ச்சி பெற்றால், கல்லூரி ஏற்கும் பட்சத்தில் அது பட்டப்படிப்பின் மதிப்பெண் பட்டியலிலும் சேரும். ஒரு பருவத்தின் பாடங்களில் 40 விழுக்காடு வரை இவ்வாறு படிக்கப் பல்கலைக்கழக மானியக் குழுவின் 2021 விதிமுறைகள் இடமளிக்கின்றன.

வாராந்தர ஒப்படைப்புகளுக்கு 25 மதிப்பெண்ணும், தேர்வு மையத்துக்கு நேரில் சென்று எழுதும் தேர்வுக்கு 75 மதிப்பெண்ணும் உண்டு. ஆகவே கைபேசியைப் பிடுங்கிப் பார்ப்பதைவிட, “இந்த வாரம் ஒப்படைப்பு அனுப்பிவிட்டாயா, எவ்வளவு வந்தது?” என்று உட்கார்ந்து கேளுங்கள், அவர் தளத்தைத் திறந்து காட்டக்கூடிய கேள்வி அது. கல்லூரியில் வைஃபை இருந்தால் காணொளிகளை அங்கேயே பதிவிறக்கிக்கொண்டு மாலையில் பார்க்கலாம். தூக்கமும் டேட்டாவும் மிஞ்சும். அந்தப் பாடத்தைத் தம் துறை ஏற்கிறதா என்பதை, தேர்வுக் கட்டணம் கட்டுவதற்கு முன்பே கல்லூரியின் ஸ்வயம் ஒருங்கிணைப்பாளரிடம் உறுதி செய்துகொள்ளச் சொல்லுங்கள்.