‘வெரி லெஸ்’ வேண்டாம், தம்பி

தம்பி, கூட்டத்தில் “கம்ப்ளைன்ட்ஸ் ஆர் வெரி லெஸ்” என்று சொன்னதும் எதிரில் இருந்தவர் ஒரு நொடி விழித்தார் என்று எழுதியிருந்தீர்கள். ரொம்பச் சின்ன அளவை ஆங்கிலத்தில் சொல்ல இங்கே எந்தச் சொல்லோடு எந்தச் சொல்லைச் சேர்க்கிறார்கள் என்பது உங்கள் கேள்வி. அந்த விழிப்பை நானும் வாங்கியவன்தான். வந்த புதிதில் மேலாளரிடம் “லெஸ் பர்சன்டேஜ்” என்றேன். “லெஸ் தேன் வாட்?” என்று கேட்டுவிட்டு, பேனா மூடியைக் கழற்றியபடி நான் சொல்லப்போகும் எண்ணுக்காகக் காத்திருந்தார். எதைவிடக் குறைவு? என்னிடம் பதில் இல்லை.

எல்லாம் நம்முடைய ‘கம்மி’ செய்கிற வேலை. ஆள் கம்மி, நேரம் கம்மி, விலை கம்மி, வாய்ப்பு கம்மி. ஒரே சொல் எல்லா இடத்துக்கும் போய்வரும். ஆங்கில லெஸ் அப்படியில்லை, அது ‘அதைவிடக் குறைவு’. அதனால் வெரி அதன் பக்கத்தில் உட்காராது. எண்ணக்கூடியதற்கு வெரி ஃபியூ, எண்ண முடியாததற்கு வெரி லிட்டில், விலை, விகிதம் மாதிரி ஏறி இறங்குவதற்கு வெரி லோ. உங்கள் புகார்கள் எண்ணக்கூடியவை, ஆகவே வெரி ஃபியூ கம்ப்ளைன்ட்ஸ்.

ஃபியூவில் ஒரு குழி இருக்கிறது. ‘எ ஃபியூ’ என்றால் சில இருக்கின்றன. வெறும் ‘ஃபியூ’ என்றால் அதிகம் இல்லையே என்ற குறை. ‘க்வைட் எ ஃபியூ’ என்றாலோ நிறைய! இதைக் கொஞ்சம் என்று புரிந்துகொண்டு, ஒரு வாரம் நிம்மதியாகத் தூங்கியவன் நான்.

சதவீதத்துக்கு வருவோம். ஸ்மால் பர்சன்டேஜ், டைனி ஃப்ராக்ஷன், டைனி மைனாரிட்டி மூன்றும் தயங்காமல் எடுக்கலாம். கணக்குப்படி பத்தில் ஒன்பதும் பின்னம்தான், ஆனால் பேச்சில் ‘எ ஃப்ராக்ஷன் ஆஃப் தி காஸ்ட்’ என்றாலே சின்னத் துண்டு என்றுதான் கேட்பவர் எடுத்துக்கொள்வார். எண்ணோடு பர்சென்ட், எண் இல்லாத இடத்தில் பர்சன்டேஜ். அப்புறம், 3 சதவீதம் 2 சதவீதமாக இறங்கினால், அந்த இறக்கம் ஒரு பர்சன்டேஜ் பாயின்ட். ஒரு பர்சென்ட் குறைந்தது என்று எழுதினால் 2.97 என்று ஆகிவிடும். அறிக்கை எழுதுகிறவர்களே இதில் சறுக்குவார்கள்.

சின்னது என்பதோடு சொல்பவரின் மனசும் சேர்ந்து வரும் சொற்கள்தான் ஆபத்து. ‘எ மியர் டூ பர்சென்ட்’ என்பதில் ‘வெறும் இரண்டுதானா’ என்ற இளக்காரம் இருக்கிறது. நெக்லிஜிபிள் என்றால் கணக்கில் எடுக்கவே தேவையில்லை என்று பொருள். ஒருமுறை, கோளாறால் பாதிக்கப்பட்ட வாடிக்கையாளர்கள் நெக்லிஜிபிள் நம்பர் என்று எழுதிக் கொடுத்தேன். மேலாளர் அந்தச் சொல்லின் மேல் ஒரே கோடு கிழித்து, ‘எ ஸ்மால் நம்பர் ஆஃப்’ என்று ஓரத்தில் எழுதித் திருப்பினார். சரிதான், அந்த ஆட்களில் ஒருவர் படித்தால் என்ன நினைப்பார்? பிழையளவு, எடை, செலவு வித்தியாசம் இவற்றுக்கு மட்டும் அதை வைத்துக்கொள்ளுங்கள்.

வாய்ப்பைச் சொல்ல ஸ்லிம் சான்ஸ், ரிமோட் பாசிபிலிட்டி. முதலாவது பெரும்பாலும் நாம் விரும்புவது நடப்பதற்கு, இரண்டாவது பயப்படுவதற்கும் வரும். ஸ்லிம் சான்ஸ் என்றால் ஒல்லி வாய்ப்பு, சரி. ஃபேட் சான்ஸ் என்றால் கொழுத்த வாய்ப்புதானே என்று நினைக்காதீர்கள், ‘நடந்த மாதிரிதான்’ என்ற கிண்டல் அது. நம் ‘யானைப் பசிக்குச் சோளப்பொரி’ என்பதற்கு, பிரிட்டனில் ட்ராப் இன் தி ஓஷன், அமெரிக்காவில் ட்ராப் இன் தி பக்கெட்.

ஐரோப்பாவிலும் பிரிட்டனிலும் மருந்துப் பெட்டிக்குள் இருக்கும் தாளை எடுத்துப் பாருங்கள். பக்கவிளைவுக்கு அன்காமன் என்றால் 100 பேரில் ஒருவர் வரை, ரேர் என்றால் 1,000-த்தில் ஒருவர் வரை, வெரி ரேர் என்றால் 10,000-த்தில் ஒருவர் வரை. அங்கே சொல்லுக்கு எண் கட்டியிருக்கிறார்கள். உங்கள் கூட்டத்தில் அப்படி ஏதும் இல்லை. அதனால் எத்தனை புகார், எத்தனை ஆர்டருக்கு என்று கையில் இருந்தால் வெரி ஃபியூவுக்கு அடுத்த மூச்சிலேயே அதையும் சொல்லிவிடுங்கள்.