வெளிநாட்டில் நம்மூர்க்காரர் கழிப்பறை தேடுவது காதில் விழுந்தால், போய் உதவலாமா?

தாராளமாக உதவலாம். ஒட்டுக்கேட்டதாக நினைப்பார்களோ என்று தயங்க வேண்டாம். கன்னியாகுமரி கடற்கரையில் வடநாட்டுப் பயணிகள் இந்தியில் கேட்டால், சங்குக் கடைக்காரர்கள் கையைக் காட்டியே வழி சொல்லிவிடுவார்கள்.

பாரிஸில் ஒரு வயதான அம்மா, "மக்களே, இனி அடக்க முடியாது, எங்கயாவது பாரு" என்று மகளிடம் மெல்லச் சொன்னது எனக்குக் கேட்டது. பேச்சிலேயே நாகர்கோவில் பக்கம் என்று தெரிந்துவிட்டது. நேராகப் போய், "அம்மா, நானும் நம்ம ஊருதான், இங்க வாங்க" என்றேன். அங்கே நடைபாதையோரம் நிற்கும் தானியங்கிக் கழிப்பறைகள் 2006 முதல் இலவசம். ஆனால் ஒருவர் வெளியே வந்த கையோடு உள்ளே நுழைந்துவிடக் கூடாது. கதவு மூடி, உள்ளே தானாகக் கழுவி முடித்து, பச்சை விளக்கு எரிந்த பிறகுதான் பொத்தானை அழுத்த வேண்டும். அவசரத்தில் இருப்பவருக்கு இதை முதலில் சொல்லுங்கள்.

ஜப்பானில் ரயில் நிலையங்களிலேயே இலவசம். ஜெர்மனியில் பெட்ரோல் நிலையமும் உணவகமும் உள்ள நெடுஞ்சாலை ஓய்விடங்களில் பெரும்பாலும் காசு கேட்பார்கள். சில்லறை இல்லாவிட்டால் கொடுத்து உதவுங்கள்.

அப்புறம், சத்தமாகப் பேச வேண்டாம். பெண்கள் என்றால் உங்களுடன் வந்த பெண்ணைப் பேசச் சொல்வது நல்லது. நம் மூத்தவர்கள் பலர் இதற்குப் பயந்தே தண்ணீர் குடிக்காமல் சுற்றுகிறார்கள். சர்க்கரை நோய் இருந்தால் அது இன்னும் ஆபத்து. ஐரோப்பாவில் பல இடங்களில் காகிதம்தான் இருக்கும் என்பதால், பையில் ஒரு தண்ணீர் பாட்டில் வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள்.