மகளின் வாட்ஸ்அப்பை அவளுக்குத் தெரியாமல் படித்துவிட்டேன். இப்போது எப்படிச் சொல்வது?

என் மகளுக்கு 14 வயது, ஒன்பதாம் வகுப்பு படிக்கிறாள். இந்த ஆண்டுதான் அவளுக்கென்று தனி போன் வாங்கிக் கொடுத்தோம். மூன்று மாதம் முன்பு, அவள் குளிக்கப் போன நேரத்தில், அவளுடைய வாட்ஸ்அப்பை என் லேப்டாப்பில் இணைத்தேன். அன்று முதல் தினமும் இரவில் படிக்கிறேன்.

தோழியிடம் "எங்கம்மா எல்லாத்துக்கும் சீன் போடுவாங்க, அவங்ககிட்ட எதுவும் சொல்ல முடியாது" என்று எழுதியிருக்கிறாள். டியூஷனில் படிக்கும் ஒரு பையனோடு தினமும் குட் நைட், இதயப் படங்கள். இவை இரண்டையும் எப்படியோ பொறுத்துக்கொண்டேன். பத்து நாளாக ஒரு புது எண்ணிலிருந்து ஒருவன் பேசுகிறான். கல்லூரியில் படிப்பதாகச் சொல்கிறான், "அண்ணான்னு நெனச்சுக்கோ" என்கிறான். "படிச்சதும் அழிச்சிடு", "டெலிகிராமுக்கு வா" என்கிறான். நேற்று "ஒரு போட்டோ அனுப்பு, பாத்துட்டு அழிச்சிடுறேன்" என்று கேட்டிருக்கிறான். அவள் இன்னும் அனுப்பவில்லை.

கணவரிடம் சொன்னேன். போனைப் பிடுங்கிவிடலாம், இல்லையென்றால் கண்காணிப்பு ஆப் ஒன்றைப் போட்டுவிடலாம் என்கிறார். கேட்டால் நான் படித்தது தெரிந்துவிடும். கேட்காமல் இருக்கவும் பயமாக இருக்கிறது. பத்து வயதில் ஒரு மகனும் இருக்கிறான். என்ன செய்வது?

— பெயர் வெளியிட விரும்பாத தாய், திருப்பூர்

ஆலோசகர் பதில்

அன்புள்ள அம்மா,

நீங்கள் சொன்ன மூன்றும் மூன்று விதமான விஷயங்கள். முதல் இரண்டு உங்கள் மகளுக்குச் சொந்தமானவை. மூன்றாவது ஆபத்து. அதை இன்றே கவனிக்க வேண்டும்.

அந்த ஆள் செய்வது பழகிப்போன ஒரு வரிசை. முதலில் உறவு சொல்லிக் கூப்பிடுவது, பிறகு ரகசியம் பழக்குவது, தடயம் இல்லாத வேறு ஆப்புக்கு இழுப்பது, கடைசியில் படம் கேட்பது. படம் கைக்குப் போய்விட்டால் அடுத்து வருவது மிரட்டல். அந்த மிரட்டலில் அநேகமாக எப்போதும் இருக்கும் ஒரு வாசகம்: "உங்க அம்மாகிட்ட சொல்லிடுவேன்." உங்கள் மகள் உங்களுக்கு எவ்வளவு பயப்படுகிறாளோ, அவ்வளவும் அவன் கையில் இருக்கும் ஆயுதம். போனைப் பிடுங்கினால் அந்தப் பயம்தான் கூடும். அவள் தோழியின் போனிலிருந்து பேசுவாள், உங்களுக்கு ஒன்றும் தெரியாது.

எனவே முதலில் செய்ய வேண்டியது, லேப்டாப்பில் அந்த உரையாடலை முழுவதும் ஸ்கிரீன்ஷாட் எடுப்பது. எண், பெயர், தேதி, நேரம் எல்லாம் தெரிய வேண்டும். மறையும் செய்திகள் வசதி போடப்பட்டிருந்தால் 24 மணி நேரத்திலேயே அழிந்துபோகலாம், தள்ளிப்போடாதீர்கள். உங்கள் மகள் போல நீங்கள் பதில் அனுப்பக் கூடாது. உங்கள் கணவர் அந்த எண்ணுக்குப் போன் செய்து திட்டவும் கூடாது. கோபம் நியாயம்தான், ஆனால் அவன் தன் பக்கத்தை அழித்துவிட்டு வேறு எண்ணில் வருவான்.

அடுத்தது, மகளிடம் உண்மையைச் சொல்வது. அவள் ஏற்கெனவே கண்டுபிடித்திருக்கவும் வாய்ப்பு உண்டு. வாட்ஸ்அப்பில் 'இணைக்கப்பட்ட சாதனங்கள்' பகுதியைத் திறந்தால் உங்கள் லேப்டாப்பும் அது கடைசியாகப் பயன்பட்ட நேரமும் தெரியும். பாட்டி, தம்பி யாரும் இல்லாத நேரமாகப் பாருங்கள். சாப்பாட்டு நேரமும் பள்ளிக்குக் கிளம்பும் நேரமும் வேண்டாம். மொட்டை மாடியில் பக்கத்தில் உட்கார்ந்து பேசுங்கள். எதிரே உட்கார்ந்தால் விசாரணை போல இருக்கும். இந்த அளவு போதும்: "உன் வாட்ஸ்அப்பை என் லேப்டாப்புல இணைச்சு மூணு மாசமா படிச்சேன். உன்கிட்ட சொல்லாம செஞ்சது தப்பு. இப்ப உன் முன்னாடியே எடுத்துடறேன்." சொல்லிவிட்டு அவள் போனிலேயே லேப்டாப்பை வெளியேற்றச் சொல்லுங்கள். 'உன் நல்லதுக்குத்தான்' என்று சேர்க்காதீர்கள். அதைச் சேர்த்தால் மன்னிப்பு அறிவுரையாகிவிடும்.

அவள் அழலாம், கத்தலாம், கதவைச் சாத்திக்கொள்ளலாம். விளக்கம் சொல்லிக்கொண்டே போகாமல் கொஞ்சம் காத்திருங்கள். அன்றைக்கே, அவள் அடங்கியதும், அந்த எண்ணைப் பற்றிப் பேசுங்கள். "நீ போட்டோ அனுப்பாம இருந்தது சரியான முடிவு" என்பது முதல் வாக்கியமாக இருக்கட்டும். அது உண்மையும் கூட. பிறகு இருவரும் சேர்ந்து அந்த எண்ணை வாட்ஸ்அப்பில் புகார் செய்து பிளாக் செய்யுங்கள். புகாரோடு கடைசி ஐந்து செய்திகள் வாட்ஸ்அப் நிறுவனத்துக்குப் போகும், யார் புகார் செய்தது என்று அவனுக்குத் தெரியாது. உரையாடலை அழிக்கும் தேர்விலும் டிக் இருந்தால் அதை எடுத்துவிடுங்கள்.

ஒருவேளை உங்களுக்குத் தெரியாமல் படம் போயிருந்தால் திட்டக் கூடாது. அவள் வாயை மூடிவிட்டால் உதவி செய்ய வழியே இல்லை. அந்தப் படத்தை யோசனை கேட்பதற்காகக்கூட யாருக்கும் அனுப்பாதீர்கள். 18 வயதுக்குக் குறைந்தவரின் ஆபாசப் படத்தைப் பகிர்வது தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 67பி பிரிவில் குற்றம். போனை அப்படியே காவல் நிலையத்துக்குக் கொண்டு போங்கள். 'டேக் இட் டவுன்' என்ற இலவசச் சேவையும் இருக்கிறது. படத்தை எங்கும் ஏற்றாமல், அதன் டிஜிட்டல் கைரேகையை மட்டும் எடுத்து, அதில் சேர்ந்திருக்கும் தளங்களில் பரவாமல் தடுக்க உதவும்.

பாலியல் நோக்கம் தெரிந்தால் 2012-ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி புகார் செய்வது கடமை. குழந்தைகள் உதவி எண் 1098. தேசிய சைபர் குற்றப் புகார்த் தளத்தில் பெண்கள், குழந்தைகளுக்கென்று தனிப் பிரிவு இருக்கிறது, பெயர் சொல்லாமலும் புகார் தரலாம். 'ஊருக்கெல்லாம் தெரிந்துவிடுமே' என்ற தயக்கம் வரும். குழந்தையின் அடையாளத்தை வெளியிடக் கூடாது என்பதும், வாக்குமூலத்தை வீட்டிலேயே, சீருடை அணியாத அதிகாரி பதிவு செய்ய வேண்டும் என்பதும் அதே சட்டத்தில் இருக்கின்றன.

தோழியிடம் உங்களைப் பற்றி எழுதியதை எந்தச் சண்டையிலும் எடுக்காதீர்கள். அது உங்களிடம் சொல்லப்பட்டதல்ல. வலித்திருக்கும், எனக்குப் புரிகிறது. ஆனால் அதில் உங்களுக்குப் பயன்படும் செய்தி ஒன்று இருக்கிறது: 'சொல்ல முடியாது' என்கிறாள். அடுத்த ஒரு மாதம் அவள் எதைச் சொன்னாலும் பத்து நிமிடம் கருத்துச் சொல்லாமல் கேளுங்கள். டியூஷன் பையன் விஷயத்தில் ஒன்றும் செய்ய வேண்டாம். 14 வயதில் இது இயல்பு.

ஸ்வீடனில் 14 வயதுப் பிள்ளைகளிடம் ஹோகன் ஸ்டாட்டின், மார்கரெட் கெர் என்ற உளவியல் ஆய்வாளர்கள் இருவரும் நடத்திய ஆய்வு 2000-இல் வெளியானது. பிள்ளைகளைப் பற்றிப் பெற்றோருக்குத் தெரிவதில் பெரும்பகுதி பிள்ளைகள் தாங்களாகச் சொல்வதால்தான் தெரிகிறது, கண்காணிப்பால் அல்ல என்று அதில் தெரிந்தது. ரகசியமாகப் படிப்பது அந்த ஊற்றையே அடைத்துவிடுகிறது.

உங்கள் கணவர் சொல்லும் ரகசிய ஆப் வேண்டவே வேண்டாம். செய்திகளைப் படித்துத் தரும் இந்த வகை ஆப்கள் பெரும்பாலும் பிளே ஸ்டோருக்கு வெளியிலிருந்து வருபவை. ஆபத்தான ஆப்களைக் கண்டுபிடிக்கும் கூகுளின் பாதுகாப்பு வசதியான பிளே புரொடெக்ட்டை அணைக்கச் சொல்லும், பிறகு பிள்ளையின் செய்திகளும் படங்களும் எங்கோ ஒரு சர்வருக்குப் போகும். இத்துறையில் பெயர்பெற்ற எம்ஸ்பை நிறுவனத்தின் தரவு 2015, 2018, 2024 என்று மூன்று முறை கசிந்தது.

வெளிப்படையாகச் செய்யக்கூடியவை போதுமான அளவு இருக்கின்றன. பெற்றோர் மேற்பார்வைக்கென்றே இருக்கும் கூகுள் ஃபேமிலி லிங்க் ஆப்பில் செய்திகள் தெரியாது. எந்த ஆப், எவ்வளவு நேரம் என்பது தெரியும், புது ஆப்புக்கு உங்கள் அனுமதியும் வேண்டும். இன்ஸ்டாகிராமில் 2025 பிப்ரவரி முதல் இந்தியாவிலும் பதின்வயதினர் கணக்கு வந்துவிட்டது. பெற்றோர் மேற்பார்வையை இணைத்தால், கடந்த ஏழு நாட்களில் யாரோடு பேசினாள் என்பது தெரியும், என்ன பேசினாள் என்பது தெரியாது. அவள் வயதுக்கு இந்தக் கோடு சரியான இடத்தில் இருப்பதாகவே நினைக்கிறேன். வாட்ஸ்அப்பில் குழுக்களில் சேர்ப்பது, முகப்புப் படம் பார்ப்பது இரண்டையும் 'என் தொடர்புகள்' என்று மாற்றச் சொல்லுங்கள். இரவு பத்து மணிக்குப் போன்கள் கூடத்தில் சார்ஜ் ஏறட்டும், அப்பாவின் போனும் சேர்த்துத்தான். அப்பாவுக்கு விலக்குக் கொடுத்தால் ஒரு வாரம்கூட நிற்காது.

எப்போது செய்திகளைத் திறப்போம் என்பதையும் இப்போதே பேசி வையுங்கள். தெரியாத பெரியவர், மிரட்டல், பணம், தன்னைத் தானே காயப்படுத்திக்கொள்ளும் பேச்சு, இந்த நான்குக்கு மட்டும். அப்போதும் அவள் பக்கத்தில் இருக்கும்போதுதான்.

இரண்டு மூன்று வாரம் அவள் பேசாமல் இருக்கலாம், போனுக்கு லாக் மாற்றலாம். அதை ஒளிப்பதற்கான சாட்சியாக எடுத்துக்கொள்ளாதீர்கள். சாப்பாடு சரியாக இறங்காமல், தூக்கம் கெட்டு, பள்ளிக்குப் போக மறுத்தால் மட்டும் அரசின் மனநல உதவிச் சேவையான டெலிமானஸின் 14416 எண்ணில் பேசுங்கள், தமிழிலேயே பேசலாம்.

மகனுக்கு இப்போதைக்கு வீட்டுப் பொது போன் போதும். வாட்ஸ்அப்புக்கே குறைந்தபட்ச வயது 13. அந்த போனை அப்பா அம்மா பார்ப்பார்கள் என்பதை முதல் நாளே அவனிடம் சொல்லிவிடுங்கள். எந்த வயதில் பார்ப்பதை நிறுத்துவீர்கள் என்பதையும் அன்றைக்கே, அக்காவும் கேட்கும்படி சொல்லுங்கள்.