தராசைத் தொடாத துரை

கேள்வி: எங்கள் தோட்டத்தில் வேலையிலிருந்து நிறுத்தப்பட்ட ஒருவருக்கு நட்டஈடு கொடுக்கும்படி தொழில் நியாய சபை சொன்னது. கம்பனி மேல் நீதிமன்றத்தில் தோற்றது, பிறகு உயர் நீதிமன்றம் போனது. அங்கே அனுமதியே கிடைக்கவில்லை. "உயர் நீதிமன்றமே நம் பக்கம் தீர்ப்பளித்துவிட்டது, இனி எந்தத் தோட்டத்திலும் இப்படி ஆளை நிறுத்த முடியாது" என்று எங்கள் தலைவர் துண்டுப்பிரசுரம் அடித்திருக்கிறார். சரிதானா?
– ஒரு வாசகர், பொகவந்தலாவை

பதில்: பட்டாசு கொளுத்துங்கள், அதில் தப்பில்லை. துண்டுப்பிரசுரத்தை மட்டும் திரும்ப வாங்கிக்கொள்ளச் சொல்லுங்கள். அதன் முதல் பாதி தப்பு. இரண்டாம் பாதி அதைவிடத் தப்பு.

மலையில் கணக்கப்பிள்ளை கொழுந்தை நிறுத்து 14 கிலோ என்று எழுதுகிறார். யாரோ தோட்டத்து மனேஜரான துரையிடம் போய் மறுபடி நிறுக்கச் சொல்கிறார்கள். துரை, "இதற்கெல்லாம் நான் வர முடியாது" என்கிறார். 14 கிலோ அப்படியே நிற்கும், சம்பளமும் அதற்குத்தான். ஆனால் 14 கிலோ சரி என்று துரை சொன்னாரா? அவர் தராசையே தொடவில்லையே.

இலங்கையில் தொழில் நியாய சபை வழக்கில் உயர் நீதிமன்றம் வரை போக எவருக்கும் தானாக உரிமை கிடையாது, அனுமதி வாங்க வேண்டும். கம்பனியின் வழக்கறிஞர் கொஞ்ச நேரம் பேசுவார். மேலே எடுத்து விசாரிக்கும் அளவுக்கு இதில் சட்டப் பிரச்சினை இருக்கிறதா என்றுதான் நீதியரசர்கள் பார்ப்பார்கள். இல்லையென்று பட்டால் அனுமதி மறுப்பு, பெரும்பாலும் ஒரே வரியில். அதோடு மேல் நீதிமன்றத் தீர்ப்பே இறுதியாகிறது. உங்கள் ஆள் ஜெயித்தது அந்தத் தீர்ப்பால். அதில் எழுதிய காரணங்களுக்கு மேல் நீதிமன்றத்தின் எடைதான் உண்டு, உயர் நீதிமன்றத்தின் எடை ஏறாது. அடுத்த தோட்டத்தில் ஆளை நிறுத்தினால் அந்த வழக்கை அடியிலிருந்து நடத்தத்தான் வேண்டும்.

(தமிழ்நாட்டுத் தொலைக்காட்சி பார்த்துக் குழம்புகிறவர்களுக்கு: அங்கே உயர் நீதிமன்றம் என்பது நம் மேல் நீதிமன்றம் மாதிரி. நம் உயர் நீதிமன்றத்துக்கு நிகரானது அவர்களுடைய உச்ச நீதிமன்றம். அந்த உச்ச நீதிமன்றமே 2000-இல் ஒரு கேரள வழக்கில் இதைத் தெளிவாக்கியது: காரணம் சொல்லாமல் அனுமதி மறுத்தால், கீழ் நீதிமன்றத் தீர்ப்பை ஏற்றுக்கொண்டதாக அர்த்தமில்லை. அமெரிக்காவிலும் இதே கதைதான். ஒன்பது நீதியரசர்களில் நான்கு பேராவது கேட்க விரும்பினால்தான் வழக்கே உள்ளே போகும்.)

எடுத்து விசாரித்துத் தள்ளுபடி செய்வது வேறு. அது எப்படி இருக்கும் என்று நம் மலையகச் சனத்துக்கு யாரும் சொல்லித்தரத் தேவையில்லை. 1948 குடியுரிமைச் சட்டமும் 1949 தேர்தல் திருத்தச் சட்டமும் நம் வாக்கைப் பறித்தபோது, கோடாக்கன் பிள்ளை என்பவர் ருவன்வெல்லை வாக்காளர் இடாப்பில் தன் பெயரைச் சேர்க்கக் கேட்டார். வழக்கு கொழும்பு நீதிமன்றம் தாண்டி, அன்று நமக்குக் கடைசி மேன்முறையீட்டு இடமாக இருந்த லண்டன் பிரிவி கவுன்சில் வரை போனது. அவர்கள் கதவைச் சாத்தவில்லை. உள்ளே எடுத்தார்கள், கேட்டார்கள், 1953-இல் காரணம் எழுதித் தள்ளுபடி செய்தார்கள். ஒரு சமூகத்துக்கு மட்டும் பாரபட்சம் காட்டும் சட்டம் கூடாது என்ற, அன்றைய சோல்பரி அரசியலமைப்பின் 29-ஆம் பிரிவை அந்தச் சட்டங்கள் மீறவில்லை என்றார்கள். அதனால் தோற்றது கோடாக்கன் பிள்ளை மட்டுமல்ல, இடாப்பில் பெயர் இல்லாத ஒவ்வொருவரும்தான். ஒரு வரியில் அனுமதி மறுத்திருந்தால், இன்னொருவர் இன்னொரு வழக்கோடு அதே கதவைத் தட்டிப் பார்த்திருக்கலாம். இன்று கம்பனிக்குத் திறந்திருப்பதும் அந்த வழிதான். வேறொரு ஆளின் வழக்கில் அதே வாதத்தைத் தூக்கிக்கொண்டு வர யாரும் தடுக்க முடியாது. இதைத் துண்டுப்பிரசுரத்தில் போட்டால் தலைவருக்குக் கைதட்டு விழாதுதான்.

சரி, உருப்படியான வேலைக்கு வருவோம். தொழில் நியாய சபைத் தீர்ப்பை எதிர்த்து மேன்முறையீடு போகும் முதலாளி, சபையிலேயே பிணைப்பணம் கட்டியிருக்க வேண்டும். அந்தப் பணம் இப்போது அங்கே கிடக்கும். உயர் நீதிமன்றக் கட்டளையின் பிரதியை எடுத்து, பணத்தை விடுவிக்கச் சொல்லி மனுப் போடுங்கள். மீதியைக் கம்பனி கொடுக்காமல் இழுத்தடித்தால் தொழில் திணைக்களத்துக்குப் போங்கள், அவர்கள் நீதவான் நீதிமன்றத்தில் வழக்குத் தொடரலாம். தலைவர் இந்த அலைச்சலைத் தன் தலையில் ஏற்றிக்கொண்டு, காசை அந்த மனுசன் கையில் கொடுக்கட்டும். அப்புறம் அவர் அடிக்கிற துண்டுப்பிரசுரத்தை நானே இந்தப் பக்கத்தில் போடுகிறேன், விளம்பரக் கட்டணம் வேண்டாம்.