விப் என்றால் சவுக்கா, கொறடாவா?

அன்புள்ள ஐயா,

அகராதியில் 'விப்' என்றால் சாட்டை, சவுக்கு என்று இருக்கிறது. செய்தித்தாளிலோ 'கொறடா' என்கிறார்கள். சட்டசபையில் யார் யாரை அடிக்கிறார்கள்? மொழிபெயர்ப்பு வேலையில் இந்தச் சொல்லிடம் மாட்டிக்கொண்டு முழிக்கிறேன்.

எஸ்.

அன்புள்ள எஸ்.,

கொறடாவும் சாட்டைதான். தெலுங்கில் இன்றைக்கும் 'கொரடா' என்றால் சாட்டை. நம்மிடம் அந்தப் பொருள் மங்கிப்போய்விட்டது. 'அரசு தலைமைக் கொறடா' என்று படிக்கும்போது கையில் சாட்டையோடு ஓர் ஆள் யார் மனசிலும் வருவதில்லை.

சட்டசபை 'விப்' வந்தது இங்கிலாந்தின் நரிவேட்டையிலிருந்து. கூட்டத்தை விட்டு முயல் பின்னால் ஓடுகிற வேட்டை நாய்களைச் சாட்டை சொடுக்கித் திரும்பக் கொண்டுவந்து சேர்க்கும் உதவியாளுக்கு 'விப்பர்-இன்' என்று பெயர், வாக்கெடுப்பு நாளில் எங்கோ போய்விட்ட எம்.பி.க்களைத் தேடி இழுத்து வருகிறவருக்கும் 18ஆம் நூற்றாண்டில் அதே பெயர் ஒட்டிக்கொண்டது, அப்புறம் 'விப்' என்று சுருங்கிவிட்டது. ஆக, இது அடிக்கிற வேலை இல்லை, மடக்குகிற வேலை. என் தாத்தா வண்டி ஓட்டும்போது சாட்டை மாட்டின் மேல் பட்டு நான் பார்த்ததே அபூர்வம். தலைக்கு மேலே காற்றில் ஒரு சொடுக்கு, அவ்வளவுதான், மாடு காதை விடைத்துக்கொண்டு எட்டி நடை போடும்.

உங்கள் சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. ஆங்கிலத்தில் ஆளுக்கும் விப், வாக்கெடுப்புக்கு வரச் சொல்லி அவர் தன் கட்சி உறுப்பினர்களுக்கு அனுப்பும் தாளுக்கும் விப். தமிழில் ஆள் கொறடா, தாள் கொறடா உத்தரவு, பிரித்தே எழுதுங்கள். 'த்ரீ-லைன் விப்' என்பதை 'மூன்று வரி கொறடா' என்று ஆக்கிவிடாதீர்கள். அது வரி அல்ல, கோடு. தாளில் அந்த விஷயத்துக்குக் கீழே மூன்று அடிக்கோடு போட்டிருந்தால் கட்டாயம் வந்து கட்சி சொல்கிறபடி வாக்களிக்க வேண்டும் என்று அர்த்தம். நம் நாட்டில் 1985இல் வந்த கட்சித்தாவல் தடைச் சட்டப்படி, அந்த உத்தரவை மீறியவரைக் கட்சி 15 நாளுக்குள் மன்னிக்காவிட்டால் பதவியே பறிபோகலாம். பிரிட்டனில் அப்படி இல்லை, கட்சிதான் கைவிடும், பதவி இருக்கும்.

பெரிய பொறி ஒன்று உண்டு. 2019 செப்டம்பரில், ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு பிரிட்டன் விலகும் பிரெக்ஸிட் விஷயத்தில் நடந்த நாடாளுமன்ற வாக்கெடுப்பில் தங்கள் கட்சி அரசையே எதிர்த்து நின்ற 21 கன்சர்வேட்டிவ் எம்.பி.க்களிடமிருந்து 'விப்'பைத் திரும்ப எடுத்துக்கொண்டார்கள் என்று ஆங்கிலத்தில் செய்தி வந்தது. அதை 'கொறடா உத்தரவு வாபஸ்' என்று போட்டால் அர்த்தம் தலைகீழ், ஏதோ அவர்களுக்குச் சலுகை கொடுத்த மாதிரி ஆகிவிடும். கட்சியின் நாடாளுமன்றக் குழுவிலிருந்து நீக்கப்பட்டார்கள் என்றே எழுதிவிடுங்கள்.