ரகசியமாகப் பதிவு செய்த தொலைபேசிப் பேச்சு நீதிமன்றத்தில் செல்லுமா?

கேள்வி: ஜெர்மனியில் வசிக்கும் என் தொழில் கூட்டாளி, எனக்குத் தர வேண்டிய பாக்கியைத் தந்துவிடுவதாகத் தொலைபேசியில் ஒப்புக்கொண்டார். அவருக்குத் தெரியாமல் அதைப் பதிவு செய்திருக்கிறேன். இப்போது பாக்கியே இல்லை என்கிறார். பதிவு செல்லும் என்கிறார் இந்தியாவிலுள்ள வழக்கறிஞர். செல்லாது என்கிறார் ஜெர்மனியிலுள்ள நண்பர். யார் சொல்வது சரி?

பதில்: இருவர் சொல்வதும் சரிதான். எந்தச் சாட்சியத்தை ஏற்பது என்பதைப் பொதுவாக முடிவு செய்வது, வழக்கை விசாரிக்கும் நீதிமன்றம் இருக்கும் நாட்டின் சட்டம். ஆகவே, தகராறு எந்த நாட்டு நீதிமன்றத்துக்குப் போக வேண்டும் என்று உங்கள் ஒப்பந்தத்தில் சொல்லியிருக்கிறதா என முதலில் பாருங்கள்.

இந்திய நீதிமன்றங்கள், சாட்சியம் வழக்குக்குத் தொடர்புடையதா என்பதையே முதன்மையாகப் பார்க்கின்றன. அது கிடைத்த வழி முறையற்றது என்பதற்காக மட்டும் பெரும்பாலும் ஒதுக்குவதில்லை. மல்கானி வழக்கில் ரகசிய ஒலிப்பதிவை உச்ச நீதிமன்றம் 1972-இலேயே ஏற்றது; கணவன் மனைவி பேச்சின் பதிவைக்கூட 2025-இல் அனுமதித்தது. சிக்கல் வருவது நிரூபிக்கும் முறையில்தான். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையிலுள்ள புதிய சாட்சியச் சட்டமான பாரதிய சாக்ஷிய அதினியத்தின் 63-ஆம் பிரிவுப்படி, பதிவின் பிரதியைத் தாக்கல் செய்யும்போது, கோப்பின் ஹாஷ் மதிப்பை (கோப்பு மாற்றப்பட்டிருந்தால் காட்டிக்கொடுக்கும் குறியீட்டை) குறிப்பிட்டு, நீங்களும் ஒரு நிபுணரும் கையொப்பமிட்ட சான்றிதழை இணைக்க வேண்டும். தேவையான பகுதியை மட்டும் வெட்டி வாட்ஸ்அப்பில் அனுப்பி வைத்துக்கொண்டு, பழைய போனை எக்ஸ்சேஞ்சில் கொடுத்துவிட்டு வருபவர்கள் உண்டு. நீங்கள் அந்த போனை அப்படியே பத்திரப்படுத்துங்கள்.

ஜெர்மனியில் நீதிபதி சாட்சியங்களைத் தம் மனத்தெளிவின்படி சுதந்திரமாக மதிப்பிடலாம். செவிவழிச் சாட்சியத்துக்கு, அதாவது பிறர் சொல்லக் கேட்டதைச் சாட்சியமாகச் சொல்வதற்கு, நம்மிடம் உள்ள கடுமையான தடை அங்கே இல்லை. அவ்வளவு தாராளமான முறை, வியப்பாக, இந்த ஒரு கதவை ஏறக்குறைய அடைத்தே வைத்திருக்கிறது. தனிப்பட்ட பேச்சை அனுமதியின்றிப் பதிவு செய்வது, அந்நாட்டுத் தண்டனைச் சட்டத்தின் 201-ஆம் பிரிவின்படி மூன்றாண்டு வரை சிறைத்தண்டனைக்குரிய குற்றம். மிக அரிதான சூழலில் தவிர அத்தகைய பதிவை உரிமையியல் நீதிமன்றம் பயன்படுத்தாது. ஆகவே ஜெர்மானிய வழக்கறிஞரைக் கலந்துகொள்ளாமல் அதை அங்கே தாக்கல் செய்யாதீர்கள். பதிவு கையில் இருப்பதாகக் கூட்டாளிக்கு எழுதி மிரட்டவும் வேண்டாம்.

அதைவிட, பாக்கித் தொகையைக் குறிப்பிட்டு, எப்போது தருவீர்கள் என்று அவருக்கு உடனே மின்னஞ்சல் அனுப்புங்கள். அவகாசம் கேட்டு அவர் எழுதும் பதில்கூட இரு நாட்டு நீதிமன்றங்களிலும் பயன்படும். இந்தியாவில் கடன் பாக்கிக்கு வழக்குத் தொடுக்க, பொதுவாக மூன்றாண்டுதான் காலவரம்பு. அது முடிவதற்குள் எழுத்தில் கையொப்பத்துடன் கடனை ஒப்புக்கொண்டால், அந்த நாளிலிருந்து காலவரம்பு புதிதாகத் தொடங்கும். வாய்ப்பேச்சுக்கு, அது எவ்வளவு தெளிவாகப் பதிவாகியிருந்தாலும், அந்தப் பலன் கிடையாது.