உளுந்து தீர்ந்ததை யார் பார்ப்பது?

அன்புள்ள ஐயா,

கோவையில் மென்பொருள் நிறுவனம் ஒன்றில் வேலை செய்கிறேன். மனைவிக்கு வங்கி வேலை. இரண்டு பிள்ளைகள், கூடவே என் அம்மா. ஆண்கள் வீட்டு வேலையில் கை வைக்க வேண்டும் என்று நீங்கள் எழுதியதைப் படித்துவிட்டு என்னால் முடிந்ததைச் செய்தேன். வாரச் சமையலுக்கு ஒரு கூகுள் ஷீட், மளிகைக்கு எல்லோரும் சேர்க்கக்கூடிய ஒரு லிஸ்ட், பரீட்சை, கேஸ் புக்கிங், அம்மாவின் டாக்டர் நாள் எல்லாவற்றுக்கும் ஆளுக்கொரு நிறத்தில் குடும்பக் காலண்டர். இரண்டு மாதமாக என்னைத் தவிர யாரும் அதைத் திறக்கவில்லை. அம்மா இன்னும் தினசரி காலண்டர் தாளில்தான் பால் கணக்கு எழுதுகிறார். மனைவி எல்லாம் ஞாபகம் இருக்கிறது என்கிறார், பிறகு ஏதாவது தீர்ந்துபோனால் என்மேல் எரிந்து விழுகிறார். இவர்களை எப்படிப் பழக்குவது? நல்ல ஆப் ஏதாவது உண்டா? பத்து நிமிட டெலிவரியை நிறுத்திவிடலாமா? வாரத் திட்டத்தை இணைத்திருக்கிறேன்.

ரா.

அன்புள்ள ரா.,

உங்கள் கடிதம் வந்த அன்று காலை நான் கடுகு டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றிருந்தேன். அடியில் ஒரு விரல் உயரத்துக்குக் கடுகு. இது எத்தனை நாள் வரும்? அறுபத்திரண்டு வயதாகிறது, தெரியவில்லை. வேறு வேலையாக அந்தப் பக்கம் வந்த மனைவி டப்பாவைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் "பத்து நாள் வரும், மூடுங்க" என்று சொல்லிவிட்டுப் போனாள். அந்தக் கடுப்பில் இருந்தபோதுதான் உங்கள் கடிதத்தைப் படித்தேன்.

ஆப் எதை வேண்டுமானாலும் போட்டுக்கொள்ளுங்கள். டெலிவரியை நிறுத்துவதும் நிறுத்தாததும் உங்கள் பர்ஸைப் பொறுத்தது.

ஆனால் அந்த வாரத் திட்டம்! சனிக்கிழமை ராத்திரி மாவு அரைக்கும் வீடு என்று நீங்களே குறிப்பு எழுதியிருக்கிறீர்கள். அதற்குக் கீழே ஞாயிறு பூரி, திங்கள் தோசை, புதன் இட்லி. புதன்கிழமை மாவில் இட்லி ஊற்றிப் பார்த்திருக்கிறீர்களா தம்பி? புது மாவு பொங்கி வந்த முதல் நாள் இட்லி, அப்புறம் தோசை, புளிப்பு ஏறினால் வெங்காயம் போட்டு ஊத்தப்பம், கடைசி நாலு கரண்டிக்கு கடுகும் பச்சைமிளகாயும் தாளித்துக் கொட்டிப் பணியாரம். இந்த வரிசையை யாரும் உட்கார்ந்து திட்டம் போட்டு எழுதவில்லை, மாவு புளிக்கிற வேகம் எழுதியது. ஃப்ரிட்ஜ் வந்ததும் வேகம் குறைந்ததே தவிர வரிசை மாறவில்லை. வியாழன் ராத்திரிக்குக் கீரை வேறு போட்டிருக்கிறீர்கள், செவ்வாய்க்குக் கோழி. செவ்வாயும் வெள்ளியும் கவுச்சி கூடாது என்று உங்கள் அம்மா எத்தனை வருடமாகச் சொல்லிக்கொண்டிருப்பார்?

அவர் கிழிக்கிற காலண்டரைப் பழசு என்று நினைக்கிறீர்கள். நான் அருப்புக்கோட்டைக்காரன், சிவகாசி பக்கத்து ஊர். ஆடிப்பெருக்கு அன்றே அங்கே அடுத்த வருடக் காலண்டருக்கு ஆல்பம் வெளியிட்டு ஆர்டர் பிடிக்க ஆரம்பித்துவிடுவார்கள். தை பிறப்பதற்குள் பலசரக்குக் கடைக்காரர் தன் பெயர் அடித்த காலண்டரைக் கொடுத்துவிடுவார். அந்தத் தாளில் அமாவாசை என்று இருந்தால் எங்கள் வீட்டில் வாழைக்காய், வெங்காயம் பூண்டு கிடையாது. முகூர்த்தம் என்று இருந்தால் பூவும் வாழையிலையும் விலை ஏறும், முந்தின நாளே வாங்கிவிட வேண்டும். கிருத்திகைக்கு யார் ஒருபொழுது, யாருக்கு உலை குறைக்க வேண்டும் என்பதும் அதற்குள்தான். பால் கணக்கு மூலையில். உங்கள் ஷீட் செய்வதாகச் சொல்லும் வேலையை அது ஏற்கனவே செய்துகொண்டிருக்கிறது. நிறம் மட்டும் இல்லை.

சரி, என் அம்மாவைப் பற்றிச் சொல்லவேண்டும். அப்பாவுக்கு மில்லில் 7ஆம் தேதி சம்பளம். 6ஆம் தேதி ராத்திரி அம்மா அடுப்படிக்கு வெளியே சுவரில் சாய்ந்து உட்கார்ந்துகொண்டு கண்ணை மூடிக்கொள்வாள். நான் நோட்டுடன் எதிரே. துவரம்பருப்பு ரெண்டு கிலோ, உளுந்து ஒண்ணரை, கடலைப்பருப்பு கால், சீரகம் நூறு என்று நிறுத்தாமல் சொல்லிக்கொண்டே போவாள். பலசரக்குச் சிட்டை எழுதுகிற பையன் என்பதில் எனக்குப் பெரிய கர்வம். எட்டாம் வகுப்பு படிக்கும்போது ஒரு மாதம் புத்திசாலித்தனமாக, போன மாதச் சிட்டையை அகர வரிசையில் அடுக்கி எழுதி, "நான் வாசிக்கிறேன், நீ வேணும் வேண்டாம்னு மட்டும் சொல்லு" என்றேன். அரிசி, உப்பு, உளுந்து என்று வாசிக்க வாசிக்க அம்மா தடுமாறினாள். "இரு, இரு" என்றாள். உப்பு இருக்கா இல்லையா என்றே அவளுக்குக் குழம்பிவிட்டது. அந்த மாதம் பெருங்காயமும் விளக்கெண்ணெயும் விட்டுப்போயின, அப்பாவிடம் திட்டு வாங்கியவளும் அவள்தான். எனக்குத்தான் அறிவு, அம்மாவுக்கு முறையாகச் சொல்லத் தெரியவில்லை என்று நான் ரொம்ப நாள் நினைத்துக்கொண்டிருந்தேன். அம்மாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது.

1998இல் அவள் முற்றத்தில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்து கட்டிலில் கிடந்தாள். நான் லீவு போட்டுவிட்டு ஊருக்குப் போய்ச் சமையலைப் பார்த்துக்கொண்டேன். 6ஆம் தேதி வந்தது. அதே மாதிரி கண்ணை மூடினாள். "மேல் தட்டுல இடது கோடி, துவரம்பருப்பு, பாதிக்குக் கீழ நிக்கும். பக்கத்துல உளுந்து, அடிமட்டம். கடலைப்பருப்பு தொட வேணாம், நிறைய கிடக்கு." எழுந்து போய்ப் பார்த்தேன். பருப்பு பாதிக்குக் கீழே. உளுந்து அடிமட்டம். அடுப்படிக்குள் அவள் கால் வைத்து மூன்று வாரம் ஆகியிருந்தது. நான் எவ்வளவு அள்ளிப் போட்டு வீணாக்குவேன் என்பதையும் கணக்கில் சேர்த்திருக்கிறாள்! அந்த வரிசை பலகையின் வரிசை, அவள் கண்ணை மூடிக்கொண்டு டப்பா டப்பாவாக நடந்திருக்கிறாள் என்று எனக்கு அன்றைக்குத்தான் உறைத்தது. நான் அகர வரிசை போட்ட மாதம் அவள் நடக்கிற வீட்டையே கலைத்துப் போட்டிருக்கிறேன்.

இப்போது உங்களுக்கு வருகிறேன். உங்கள் லிஸ்டில் உளுந்து என்று தட்டுவது நீங்களாக இருக்கலாம், உளுந்து தீர்ந்ததைப் பார்த்தது யார்? 2019இல் மத்திய அரசு ஒரு நேரக் கணக்கெடுப்பு நடத்தியது. காலை 4 மணியிலிருந்து மறுநாள் 4 மணிவரை அரை மணி அரை மணியாகப் பிரித்து, அந்தந்த நேரம் என்ன செய்தீர்கள் என்று கேட்டார்கள். வீட்டு வேலை செய்கிற பெண்கள் அதற்கு ஒரு நாளில் செலவிட்டது சராசரி 299 நிமிடம், ஆண்கள் 97. ஆண்களில் வீட்டு வேலை செய்தவர்களே நாலில் ஒருவர்தான் என்பது தனிக் கதை. என்னை உறுத்துவது வேறு. உங்கள் மனைவி கவுண்டரில் உட்கார்ந்து பணம் எண்ணும்போது "தேங்காய் இல்லை, சின்னவனுக்கு நாளைக்கு வெள்ளை யூனிஃபார்ம், அத்தைக்கு பிரஷர் மாத்திரை ரெண்டுதான் பாக்கி" என்று உள்ளே ஓடுகிறதே, அது எந்த அரை மணிக்குள் வரும்? அந்த நேரத்தில் அவர் வங்கி வேலை பார்த்தார் என்றுதான் எழுதிக்கொள்வார்கள்.

இதைத்தான் நீங்கள் கேட்டு வாங்கி ஷீட்டில் ஏற்றுகிறீர்கள். கோபித்துக்கொள்ளாதீர்கள், நான் எட்டாம் வகுப்பில் பார்த்த சிட்டை எழுதும் வேலையைத்தான் நீங்கள் இவ்வளவு சம்பளம் வாங்கும் வயதில் பார்க்கிறீர்கள். அதற்கு மேல், சொல்பவர்களே வந்து எழுதவும் வேண்டும் என்கிறீர்கள். "பழக்குவது" என்கிறீர்கள். மாட்டையா பழக்குகிறோம்? ஏதாவது தீர்ந்தால் அவர் உங்கள்மேல் எரிந்து விழுவது மறந்துவிட்டதால் இல்லை. அவர் மறக்கிற அன்றைக்கு அந்த வீட்டில் ஞாபகம் வைத்துக்கொள்ள வேறு ஆள் இல்லையே என்பதால்.

நீங்கள் நல்ல பிள்ளை, அது எழுத்திலேயே தெரிகிறது. என் வயதுக்காரர்களுக்கு ஷீட் போடக்கூடத் தோன்றவில்லை, நானே கடுகு டப்பாவோடு நின்றதைத்தான் மேலே எழுதியிருக்கிறேன்.

ஷீட்டை அழிக்க வேண்டாம், காலண்டர் இருக்கட்டும். மாவை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். அரிசி, உளுந்து, வெந்தயம் வீட்டில் இருக்கிறதா என்று பார்ப்பது, வாங்குவது, ஊறப்போட ஞாபகம் வைப்பது, அரைப்பது, கிரைண்டர் கழுவுவது, எந்த நாள் இட்லி எந்த நாள் பணியாரம் என்பது, எல்லாம் உங்களுடையது. யாரையும் ஒன்றும் கேட்கக் கூடாது. "உளுந்து எங்கே இருக்கு" என்றுகூட. முதல் சனிக்கிழமை அம்மா பக்கத்தில் நின்று ஏதாவது சொல்லத்தான் செய்வார், கேட்டுக்கொள்ளுங்கள். நாலு வாரம் கழித்து எழுதுங்கள், உங்கள் கடை உளுந்து எத்தனை தண்ணீர் வாங்கியது என்று. எங்கள் வீட்டில் இப்போது வாங்குவது சரியாகப் பொங்குவதில்லை.